திருநீற்றுச் சரையில் ஒரு வாக்கு

வியாழக்கிழமை மத்தியானம், இத்தாலியில் நாங்கள் இருக்கிற கால்சா என்ற பழைய பகுதியில் ஒரு வீட்டின் நாலாம் மாடிக்குச் சீமெந்துப் பை ஏற்றிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் இல்லாத வீடு. முந்நூறு வருடத்துக்கு முன் அதைக் கட்டிய பிரபுவுக்குச் சீமெந்துப் பை தூக்குகிற ஆட்களைப் பற்றி யோசனை இருந்திருக்காது. பதினெட்டாவது பையோடு மூன்றாம் மாடித் திருப்பத்தில் நிற்கும்போது போன் அடித்தது. மனைவி குகனேஸ்வரி. வேலை நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட மாட்டாள்.

“இஞ்சாருங்கோ, நான் கள்ளியாகப் போறன்,” என்றாள்.

பையைத் தோளில் வைத்தபடியே கேட்டுக்கொண்டு நின்றேன். இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும்.

“என்னத்தை எடுத்தனி?”

“ஒரு பேப்பர்.”

“பேப்பர் எடுத்ததுக்கு ஆரப்பா கள்ளி எண்டு சொல்லப்போறாங்கள்?”

“சின்யோராவின்ரை தகரப் பெட்டிக்குள்ளை இருந்த பேப்பர். தேப்பன்ரை எலெக்சன் பேப்பர்.”

பையை இறக்கிவிட்டேன்.

அந்தத் தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குகனேஸ்வரி பத்தொன்பது வருடமாகச் சின்யோரா நின்ஃபா வீட்டில் வேலை செய்கிறாள். சின்யோராவுக்குத் தொண்ணூற்று நாலு வயது. கண் தெரியாது. காது மட்டும் பக்கத்து வீட்டில் முட்டை உடைத்தால் எத்தனை முட்டை என்று சொல்லும். அவருடைய அப்பா கஸ்பாரே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த வகையில் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி. கஸ்பாரே ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்பதாம் ஆண்டுத் தேர்தலில் ஒரு பெரிய காரியம் செய்தவர் என்பது அந்த வீட்டின் நம்பிக்கை.

அந்தத் தேர்தலைப் பற்றி எனக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் இத்தாலி எழுத்துப் பழக வேலை முடிந்த கையோடு பள்ளிக்கூடம் போனேன். அங்கே மாயெஸ்த்ரா, அதாவது எங்கள் ரீச்சர், அதை ஒரு முழுப் பாடமாகவே நடத்தினார். பாராளுமன்றத்துக்கு நானூறு பேர். நானூறு பெயரையும், அப்போது நாட்டில் விட்டுவைத்திருந்த ஒரே கட்சியே ஒரு பட்டியலாக எழுதிவிட்டது. சனங்கள் ஆளைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை. பட்டியலுக்கு ஓமா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. வாக்குப் போட வந்தவரின் கையில் இரண்டு சீட்டுக் கொடுப்பார்கள். மடித்தால் வெளியே இரண்டும் வெள்ளை. உள்ளே, ஓம் சீட்டில் கொடியின் மூன்று நிறமும் இருக்கும். இல்லைச் சீட்டில் கறுத்த எழுத்து மட்டும். விரும்பிய சீட்டை மடித்து அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். மற்றதை மறைப்புக்குள் இருக்கிற இன்னொரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். தாள் மெல்லியது, நிறம் வெளியே தெரியும் என்று மாயெஸ்த்ரா சொன்னபோது வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரிலும் தேர்தல் பார்த்தவன் நான்.

எண்பத்தைந்து லட்சம் ஓம் விழுந்ததாம். சின்யோரா இருக்கிற ஒழுங்கைக்காரர் வாக்களித்த இடத்தில் நானூற்றுப் பதினொரு ஓம், ஒரே ஒரு இல்லை. அந்த ஒரு இல்லையைப் போட்டவர் யார் என்பதுதான் தொண்ணூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற சண்டை.

என் அப்பா என்கிறார் சின்யோரா நின்ஃபா. என் அப்பப்பா என்கிறார் எதிர்வீட்டுச் சின்யோர் கலோஜெரோ. இவர் பஸ் ஓட்டி பென்சன் எடுத்தவர். இத்தாலியில் ‘இல்லை’க்கு ‘நோ’. கலோஜெரோ தன் நாய்க்கு அந்தப் பெயரையே வைத்திருந்தார். காலையில் முற்றத்தில் நின்று “நோ! நோ! நோ!” என்று கூப்பிடுவார். அது நாயைக் கூப்பிடுவது அல்ல, சின்யோராவுக்குக் கேட்கட்டும் என்று சொல்வது. சின்யோரா பதிலுக்கு ஜன்னலைத் திறந்து, துணி காயப்போடுகிற கயிற்றுக் கப்பியைக் கிறீச்சிட வைப்பார். கப்பிக்கு எண்ணெய் போடக் கூடாது என்று குகனேஸ்வரிக்குக் கட்டளை.

இந்த வருடம், பழைய கதைகளைத் தேடித் திரிகிற ஒரு சங்கம் அந்த ஒரு மனிதனுக்கு முற்றத்துச் சுவரில் மாபிள் கல் வைக்க முடிவு செய்தது. கல் வெட்டியாகிவிட்டது. பெயர் வெட்டுகிற இடம் மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். சுவரில் பொருத்துகிற வேலை என் முதலாளிக்கு. அதாவது எனக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு பெண் பேராசிரியர் வந்து இரண்டு வீட்டாரின் ஆதாரத்தையும் பார்த்து முடிவு சொல்வார். இரண்டு வீட்டிலும் ஆதாரம் உண்டு என்றார்கள். சின்யோராவின் ஆதாரம், சாந்தா ரொசலியா என்கிற புனிதையின் சொரூபத்துக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் தகரப் பெட்டிக்குள்.

நாலு மணிக்கு வேலை விட்டு, ஒழுங்கை முனையில் குகனேஸ்வரியைப் பிடித்தேன். முகம் வெந்துபோய் நின்றாள்.

“எப்ப எடுத்தனி?”

“பொங்கலுக்கு. கோயிலிலை பிளாஸ்ரிக் கப்பிலை திருநீறு தந்தவை. அது கொட்டிண்டு போச்சு. ரதிக்கும் கொஞ்சம் குடுப்பமெண்டு சரை மடிக்கப் பேப்பர் தேடினன். அந்த வீட்டிலை என்ன பேப்பர் கிடக்கு? எல்லாம் சுப்பர் மாக்கற் நோட்டீஸ். ஒண்டிலை பண்டித் தொடை. மற்றதிலை சொசேச். பண்டித் தொடைக்குள்ளை திருநீறு மடிக்கலாமே, சொல்லுங்கோ?”

“மடிக்கேலாது.”

“அதுதான். பெட்டிக்குள்ளை நல்ல மெல்லிசு வெள்ளைப் பேப்பர். சாமிக்குப் பின்னாலை இருந்தது. சுத்தமான இடம். நான் என்னெண்டு கண்டன் அது எலெக்சன் பேப்பர் எண்டு? இண்டைக்குக் காலமைதான் பேராசிரியர் வாறா எண்டு சொல்லி மனுசி பெட்டியை இறக்கித் தரச்சொன்னது. இறக்கிக் குடுத்தன். நீல றிபன் சுத்திக் கட்டி மடியிலை வைச்சது வைச்சதுதான். கக்கூசுக்கும் பெட்டியோடைதான் போகுது.”

சனிக்கிழமை பெட்டி திறக்கும்போது பேப்பர் இல்லை என்றால் யாரைப் பார்ப்பார்கள்? கலோஜெரோ ஏற்கெனவே முற்றத்தில் சொல்லித் திரிகிற ஆள்: வெளியாட்களை வீட்டுக்குள் விட்டால் சாமான் நடக்கும் என்று. பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டில் ஒரு தேக்கரண்டி காணாமல் போகவில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் குகனேஸ்வரிக்கு வேலை. அந்த வேலைக் கடதாசியை வைத்துத்தான் வருகிற மேயில் அவளுடைய பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் இருக்கிற அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். சின்யோராவிடம் நேரே சொல்லிவிடுவோமா என்றேன்.

“தேப்பன்ரை வாக்கை நான் சாம்பல் கட்டக் குடுத்திட்டன் எண்டு சொல்லவோ? மனுசி அந்த இடத்திலையே போயிடும்.”

பிரான்காச்சோவில் இருக்கிற சிநேகிதி ரதிக்குப் போன் போட்டோம். குகனேஸ்வரி ஸ்பீக்கரில் விட்டாள்.

“ரதி, பொங்கலுக்கு ஒரு சரை தந்தனான். அதைத் திருப்பித் தருவியே?”

“அக்கா, குடுத்த திருநீறைத் திருப்பிக் கேக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்.”

“திருநீறு வேண்டாமடி. பேப்பர்தான் வேணும்.”

“பேப்பரோ? ஏன், அதிலை சீதன உறுதி எழுதிக் கிடக்கோ?”

“விசர்க்கதை கதையாதை. எங்கை அது?”

“என்னட்டை இல்லை. எங்கடை றெஸ்ரோறன்ரிலை இராஜநாயகம் அண்ணைக்குக் குடுத்திட்டன். முழங்கால் நோவெண்டு அழுது அழுது கணவாய் கழுவினது அந்தாள். பாவமாக் கிடந்தது.”

“அவர் வேதக்காரர் எல்லே?”

“முழங்காலுக்கு வேதம் தெரியுமே அக்கா?”

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் இடுப்பு என்று சொல்லி அரைநாள் எடுத்தேன். பொய் இல்லை. இடுப்பு எப்போதும் இருக்கிறது. குகனேஸ்வரியோடு இரண்டு பஸ் மாறி, அந்த றெஸ்ரோறன்ற் இருக்கிற கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய்ச் சேர மூன்று மணி. மத்தியானச் சாப்பாட்டுக்காரர் எழும்பிப் போயிருந்தார்கள். றெஸ்ரோறன்ரின் பின்பக்கம், கடலைப் பார்த்தபடி ஒரு வாளி சிப்பியோடு இராஜநாயகம் குந்தியிருந்து உரஞ்சிக்கொண்டிருந்தார். மன்னார்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர்.

“திருநீறோ?” என்றார். “என்னட்டையோ? அண்ணை, நான் மடு மாதாவின்ரை பிள்ளை.”

“ரதி சொன்னவள்,” என்றாள் குகனேஸ்வரி.

இராஜநாயகம் கதவைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கடலில் யாரும் இல்லை. கையைத் துடைத்துவிட்டு போனை எடுத்து, கவரைக் கழற்றினார். போனுக்கும் கவருக்கும் நடுவில் சரை தட்டையாகக் கிடந்தது.

“விமலராணியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. மனுசி கோயில் பாட்டுக் குழுவுக்குத் தலைவி. அறிஞ்சால் என்னைப் பீடத்திலை வைச்சு அறுத்துப்போடும்.”

“சொல்ல மாட்டம். பேப்பரைத் தாரும்.”

“தரமாட்டன்.”

“ஏன்?”

“இஞ்சை பாருங்கோ.” எழும்பி நின்றார். குந்தினார். திரும்ப எழும்பினார். முழங்கால் விறகு முறிகிற மாதிரிச் சத்தம் போட்டது. ஆனால் எழும்பியதென்னவோ உண்மை. “ரெண்டு வருசமா நான் குந்தினால் ரெண்டு பேர் தூக்க வேணும். இது வந்தாப் பிறகு தனிய எழும்புறன்.”

“திருநீறு உமக்குத்தான். நீரே வைச்சிரும். பேப்பர் மட்டும்தான் எங்களுக்கு.”

அவர் யோசித்தார். சிப்பி உரஞ்சுகிற ஆளுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும், நன்றாகத்தான் யோசித்தார்.

“அக்கா, ரதித் தங்கச்சி போன வருசமும் ஒருக்கால் திருநீறு தந்தவ. ரிஷூப் பேப்பரிலை சுத்தி. ஒண்டும் நடக்கேல்லை. அதே கோயில், அதே திருநீறு. வேறையா இருந்தது என்ன? பேப்பர்!”

குகனேஸ்வரி அழத் தொடங்கினாள். நடிப்பில்லை. கள்ளி என்ற சொல்லை இரண்டு நாளாக வாய்க்குள் வைத்திருந்தவள். விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள்: பெட்டி, றிபன், பேராசிரியர், கலோஜெரோவின் நாய் வரை. இராஜநாயகம் வாளியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப நான் ரெண்டு மாசமா இத்தாலிக்காரன்ரை வாக்கையே பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்?”

“ஓம்.”

“எனக்கு இஞ்சை வாக்கே இல்லையே அண்ணை,” என்றார். அது அவருக்கு ஒருவிதப் பெருமையாக இருந்தது போல.

ஒப்பந்தம் இதுதான்: மாதம் ஒரு சரை திருநீறு புதிதாக வரும், விமலராணிக்குத் தெரியாமல் வரும். பழைய சாம்பலை, ஓடர் எழுதுகிற புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து அதில் கொட்டினோம். ‘ஏழாம் மேசை, பொரித்த கணவாய் இரண்டு’ என்று எழுதியிருந்தது. இராஜநாயகம் அதை மடித்துப் போனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நம்பிக்கை இல்லாமல் ஒருதரம் குந்திப் பார்த்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பேப்பரை விரித்தேன். மடித்த இடமெல்லாம் சாம்பல். ஒரு மூலையில் சந்தனம். கணவாய் வாசம் வேறு. நடுவில் பெரிதாகக் கறுத்த எழுத்து: NO.

“என்ன எழுதிக் கிடக்கு?” என்றாள், இத்தாலி எழுத்துப் பழகாத குகனேஸ்வரி.

“இல்லை எண்டு.”

“அப்ப சின்யோரா சொன்னது சரி! தேப்பன் இல்லை எண்டுதான் போட்டிருக்கிறார்!”

“ஓமப்பா. பின்னை?”

எனக்கும் சந்தோஷம். பேப்பரை அவளுடைய கைப்பைக்குள் இருந்த ஜெபமாலை அச்சடித்த காலண்டருக்கு நடுவில் வைத்து நெரித்தோம். கால்சா வரும்வரை இரண்டு பேரும் நித்திரை.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே நான் அந்த வீட்டில் நின்றேன். கல் வைக்கிற சுவரை அளக்க வந்ததாகச் சாட்டு. பேப்பர் என் சேட்டுப் பொக்கற்றுக்குள். திட்டம் சின்னது. குகனேஸ்வரி பெட்டியைத் துடைக்கிறேன் என்று வாங்குவாள். குசினிக்குள் நான் நிற்பேன்.

“சின்யோரா, பெட்டியிலை தூசி. தாங்கோ, துடைச்சுத் தாறன்.”

“தூசி இருந்தால் இருக்கட்டும், குகா. பழைய பெட்டிக்கு அதுதான் வடிவு.”

“கறள் பட்டிருக்கு. உடுப்பிலை பிரளும்.”

“கறுத்த உடுப்புத்தான் போட்டிருக்கிறன்.”

பேராசிரியர் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். வெள்ளைக் கையுறையும் ஒரு பூதக்கண்ணாடியும். பின்னால் கலோஜெரோ, கழுத்துப்பட்டி கட்டி, நாயையும் பிடித்துக்கொண்டு. அதற்குப் பின்னால் ஒழுங்கைக்காரர் ஏழெட்டுப் பேர். சின்யோரா மேசைத் தலைமாட்டில் பெட்டியை அணைத்தபடி.

முதலில் கலோஜெரோ. கோட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு தோல் உறை, அதற்குள் ஒரு பட்டுத்துணி, அதற்குள் ஒரு தாள். என் பொக்கற்றில் கிடந்த தாளின் தம்பி. நடுவில் கறுப்பாக NO.

“இதோ!” என்றார் கலோஜெரோ. “என்ரை அப்பப்பா போட்ட வாக்கு!”

ஒழுங்கைக்காரர் கைதட்டினார்கள். தன் பெயர் எழுதியிருப்பதை அறிந்ததுபோல நாய் குரைத்தது.

பேராசிரியர் பூதக்கண்ணாடியை வைத்தார். “தாள் உண்மையானதுதான்,” என்றார். “ஆனால் சின்யோர், போட்ட சீட்டு பெட்டிக்குள்ளை எல்லோ போயிருக்கும்? இது வீட்டுக்கு வந்திருக்கு. வீட்டுக்கு வந்தது, போடாமல் விட்டது.”

பேராசிரியர் தாளைத் திருப்பிக் காட்டினார்.

“ரெண்டு சீட்டுக் குடுத்தவை. உங்கடை அப்பப்பா இதை ஒளிச்சுக் கொண்டுவந்திருக்கிறார். அப்படியெண்டால் அதிகாரியிட்டைக் குடுத்தது மற்றது. ஓம்.”

கலோஜெரோ நாற்காலியைத் தேடி இருந்தார். தொண்ணூறு வருடக் குடும்பப் பெருமை அரை நிமிடத்தில் போய்விட்டது. எனக்கு அவரைப் பார்க்க நேரமில்லை. என் பொக்கற்று சுட்டது. இதே கேள்வி எனக்குப் பரீட்சையில் வந்தது. முழுப் புள்ளி எடுத்தேன். பஸ்ஸில் அது ஞாபகம் வரவில்லை. சின்யோராவின் அப்பா கொண்டுவந்ததும் இல்லைச் சீட்டு. அப்படியென்றால் கஸ்பாரேயும் ஓம்.

குகனேஸ்வரி பின்னால் நின்று என் விலாவில் குத்தினாள். “குடுங்கோ,” என்று முணுமுணுத்தாள். “கெதியாக் குடுங்கோ. பெட்டியைத் திறக்கப்போகினம்.”

கொடுத்தால் சின்யோராவும் கலோஜெரோ மாதிரி நாற்காலியோடு நாற்காலியாகப் போவார். ஆனால் அவருக்குத் தொண்ணூற்று நாலு. கொடுக்காவிட்டால் வெறும் பெட்டி, குகனேஸ்வரி கள்ளி. சின்யோரா றிபனை இழுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. பேராசிரியர் உதவப் போனார். நான் முடிவெடுத்தேன். பெட்டி வெறுமையாக இருக்கும். நான்தான் எடுத்துத் தொலைத்தேன் என்று சொல்வோம். சீமெந்துப் பை தூக்குகிறவன் நல்லவனா கெட்டவனா என்று பை பார்க்காது.

“சின்யோரா,” என்று முன்னால் ஓர் அடி வைத்தேன். “மன்னிக்க வேணும், ஒரு விசயம். நான்...”

மூடி திறந்தது. பேராசிரியர் கையை விட்டு ஒரு தாளை எடுத்து விரித்தார்.

பச்சை, வெள்ளை, சிவப்பு. மூன்று நிறமும் நேற்று அச்சடித்ததுபோல. நடுவில் ‘ஓம்’.

“ஓம் சீட்டு!” என்றார் பேராசிரியர். குரல் உயர்ந்துவிட்டது. “ஓம் வீட்டுக்கு வந்திருக்கு! அப்ப பெட்டிக்குள்ளை போனது இல்லை! சின்யோரா, அந்த ஒருவர் உங்கடை அப்பாதான்!”

ஒழுங்கைக்காரர் இப்போது இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவர்களுக்கு யார் வென்றாலும் ஒன்றுதான். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்கள் ஏதோ சொல்ல வந்தனீங்கள்?”

“கல்லுக்கு ஆணி நாலு காணுமோ எண்டு கேக்க வந்தனான்.”

குசினிக்குள் போய்க் குகனேஸ்வரியைப் பிடித்தேன்.

“அதென்ன அது?”

“அது மற்றது.”

“எது மற்றது?”

“பெட்டிக்குள்ளை ரெண்டு பேப்பர் கிடந்தது. ஒண்டிலை கலர். கலர்ப் பேப்பரிலை திருநீறு மடிச்சால் சாயம் பிரளாதே? அதுதான் வெள்ளையை எடுத்தனான்.”

“ரெண்டு கிடந்தது எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் எங்கை கேட்டனீங்கள்? எடுத்ததைத்தானே கேட்டனீங்கள்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. குசினி ஸ்ரூலில் இருந்துவிட்டேன். பிறகுதான் மற்ற யோசனை வந்தது. இரண்டு சீட்டும் வீட்டுக்கு வந்திருந்தால் கஸ்பாரே பெட்டிக்குள் என்னத்தைப் போட்டார்?

எல்லோரும் போன பிறகு சின்யோரா குகனேஸ்வரியைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். நான் நிற்கிறேன் என்று செருப்புச் சத்தத்தில் தெரிந்திருக்கும்.

“குகா, மற்றது எங்கை?”

குகனேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

“அந்தப் பெட்டியை நான் எழுபது வருசமா வைச்சிருக்கிறன். ரெண்டு பேப்பர் எடுத்தால் ரெண்டு சத்தம் கேக்கும். இண்டைக்கு ஒண்டுதான் கேட்டது.”

குகனேஸ்வரி அழுதுகொண்டே சொன்னாள். பொங்கல், பன்றித் தொடை, சரை, இராஜநாயகத்தின் முழங்கால். சின்யோரா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முழங்கால் வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கி, இருமலில் போய் முடித்தார். தண்ணீர் கொடுத்தோம்.

“மூண்டு நாளா இதை ஏன் மடியிலை வைச்சிருந்தனான், தெரியுமோ?” என்றார். “ரெண்டும் உள்ளை இருந்தால் பேராசிரியர் என்ன நினைப்பா? அந்தாள் ஒண்டையுமே போடேல்லை எண்டுதான். ஒண்டை எடுத்து எறியோணும். ஆனால் எதை? எனக்குக் கண் தெரியாது. ஆரிட்டையும் கேக்கவும் ஏலாது. இன்ன பேப்பரை எறி எண்டு உன்னட்டைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது, குகா. நேர்மையான பிள்ளை நீ. நீயோ பொங்கலுக்கே எடுத்திட்டாய்!”

“அப்ப உங்கடை அப்பா என்னத்தைப் போட்டவர்?” என்றேன்.

“சூடை மீன்,” என்றார் சின்யோரா.

விசயம் இதுதான். கஸ்பாரே மறைப்புக்குள் போனார். இல்லைச் சீட்டைக் கொடுக்கப் பயம். வெளியே கறுத்தச் சட்டைக்காரர் நின்றார்கள். ஓம் சீட்டைக் கொடுக்க மனமில்லை. வேர்த்து ஒழுகியது. வேர்வை துடைக்கப் பொக்கற்றுக்குள் கைவிட்டபோது மீன்காரனிடம் காட்ட எழுதிய துண்டு கையில் பட்டது. வீட்டுக்காரி வாங்கிவரச் சொன்ன மீன். அதுவும் மெல்லிய வெள்ளைத் தாள்தான். அதை நாலாக மடித்து, ஒட்டி, பவ்வியமாக அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு சீட்டையும் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மீன் வாங்க மறந்து பேச்சும் வாங்கினார்.

“எண்ணினவங்களிலை ஒருத்தன் என்ரை அண்ணனுக்கு ஞானத்தந்தை,” என்றார் சின்யோரா. “அவன்தான் பேந்து வந்து சொன்னவன். பிரிச்சுப் பாத்தால், ‘சூடை, ரெண்டு கிலோ’. எறிஞ்சால் ஆள்கணக்குப் பிழையாய்ப் போகும். பழுது எண்டு எழுதினால் காட்டச் சொல்லுவாங்கள். எங்கடை தலைவருக்குச் சூடை மீனோ எண்டு எல்லாரையும் உள்ளை தள்ளுவாங்கள். ஓம் எண்டு எழுதுவம் எண்டு ஒருத்தன் சொன்னானாம். ஆனால் ரெண்டு கிலோ சூடையை ஓம் எண்டு எழுத அவங்களுக்கே வெக்கமாய்ப் போச்சு. இல்லை எண்டு எழுதிப்போட்டாங்கள்.”

இது நடந்ததா, மகள் அப்பாவுக்காகக் கட்டினதா, எனக்குத் தெரியாது. ஆனால் பயந்த மனிதன் பொக்கற்றில் அகப்பட்டதை நீட்டுவான் என்பது தெரியும். நானும் எத்தனையோ சோதனைச் சாவடியில் நின்றவன்.

“அந்த இல்லையை என்ன செய்யிறது, சின்யோரா?” என்றாள் குகனேஸ்வரி.

“கல்லு வைக்கிறது ஆர்?”

“நான்,” என்றேன்.

“அப்ப உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.”

புதன்கிழமை கல் வந்தது. கஸ்பாரேயின் பெயர் புதிதாக வெட்டப்பட்டு, முப்பத்தெட்டுக் கிலோ. சுவரில் நாலு துளை போட்டு, நடுவில் ஒரு சின்னக் குழி தோண்டினேன். இல்லைச் சீட்டை அதில் வைத்தேன். குகனேஸ்வரி ஒரு சிட்டிகைத் திருநீறு மேலே தூவினாள். மன்னித்துக்கொள்ளச் சொல்லி கஸ்பாரேயைக் கேட்டாளா பிள்ளையாரைக் கேட்டாளா, நான் விசாரிக்கவில்லை. சீமெந்து பூசிக் கல்லை ஏற்றி இறுக்கினேன். எதிர் ஜன்னலில் கலோஜெரோ முழு நேரமும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கல்லு வலப்பக்கம் சரிஞ்சிருக்கு,” என்றார்.

மட்டம் வைத்துக் காட்டினேன். சரியாக இருந்தது.

“மட்டம் பிழை,” என்றார்.

அடுத்த நாளிலிருந்து அவர் நாயை வேறு பெயரில் கூப்பிடத் தொடங்கினார். ‘ஸ்தெல்லா’ என்ற பெண்பிள்ளைப் பெயர். நாய் திரும்பியும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயது நாய். அதுவும் ஆண் நாய்.

சனிக்கிழமை இராஜநாயகம் போன் எடுத்தார். “அண்ணை, கணவாய்ப் பேப்பரிலை ஒண்டும் இல்லை. குந்தினால் திரும்பவும் எழும்பேலாமல் கிடக்கு. அந்தப் பழைய பேப்பரை ஒருக்கால் தாங்கோவன், ஒரு கிழமைக்கு.”

“அதுக்கு மேலை முப்பத்தெட்டுக் கிலோ கல்லுக் கிடக்கு, தம்பி. வேணுமெண்டால் வந்து முழங்காலைச் சுவரிலை வை.”

பகிடிக்குத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, விமலராணியைப் பாட்டுக் குழுவோடு விட்டுவிட்டு, மனிதன் பஸ் ஏறி வந்து நிற்கிறார். கல்லுக்குக் கீழே ஒரு காலை மடித்து, முழங்காலைச் சுவரோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி. எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

எதிர் ஜன்னல் படாரென்று திறந்தது.

“ஏய்! அந்தாள் நினைவுக் கல்லுக்கு என்ன செய்யிறான்?” என்று கலோஜெரோ கத்தினார்.

“முழங்காலிலை நிண்டு மரியாதை செய்யிறார், சின்யோர்,” என்றேன். “ஸ்ஃபெர்ராகவால்லோவிலை இருந்து இதுக்கெண்டே வந்தவர்.”

கலோஜெரோ கொஞ்ச நேரம் பார்த்தார். முற்றத்தில் நின்ற நாயை உள்ளே வரச் சொல்லி, “ஸ்தெல்லா! ஸ்தெல்லா!” என்று கூப்பிட்டார்.

அது கல்லுக்குக் கீழே, இராஜநாயகத்தின் மற்றக் காலுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.